புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு: சோதனையைச் சமாளிக்க ஒரு வடசென்னை வழிகாட்டி

ஞானஸ்நானம் எடுத்த வாரம் எல்லாம் நன்றாகத்தான் போகும். சிக்கல் அடுத்த சம்பள நாளில் ஆரம்பிக்கும். சபையில் கேட்டால் "ஜெபம் பண்ணுங்க, வேதம் வாசிங்க, சோதனை ஓடிப்போயிடும்" என்பார்கள். அது தப்பில்லை. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குக் கூலிப் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டி.எச். ரோட்டில் நிற்கிறவர் அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. முதலில் குடி, அப்புறம் போனில் ரம்மி என்று இரண்டிலிருந்தும் வெளியே வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த வழியில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுவது இது. நீங்கள் பெந்தெகொஸ்தே சபையா, சிஎஸ்ஐயா, கத்தோலிக்கரா என்பது பெரிய வித்தியாசம் இல்லை. உதாரணங்கள் பெரும்பாலும் குடியைப் பற்றி இருக்கும், ஏனென்றால் நம் பக்கம் முதலில் ஆளை இழுப்பது அதுதான். சூதாட்டம், ஆபாச வீடியோ, வட்டிக்கு வாங்கும் பழக்கம் எதுவானாலும் வரிசை இதேதான்.

ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சட்டைப் பையில் அடங்கும் புதிய ஏற்பாடு ஒன்று. சபையில் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். ஒரு சின்ன நோட்டு. ஆதார் அட்டையும் ஒரு நகலும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதுவும். வங்கிப் பாஸ்புக். எங்கள் பக்கம் பலருக்குப் பாஸ்புக் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது, அதைத் தேடவே ஒரு நாள் ஆகும். இன்றைக்கே தேடி வையுங்கள், மூன்றாவது படியில் வேண்டும்.

1. முதல் வாரம்: மணி, இடம், காசு எழுதுங்கள்

சோதனை வந்துவிட்டதே, நான் உண்மையாகவே இரட்சிக்கப்பட்டேனா என்று பயப்பட வேண்டாம். இயேசுவுக்கே வந்தது. யாக்கோபு 1:14, 15-ஐ நிதானமாகப் படியுங்கள். முதலில் இச்சை இழுக்கிறது, பின்புதான் அது பாவத்தைப் பிறப்பிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறது. நாம் செய்யப்போகும் வேலை எல்லாம் அந்த இடத்தில்தான்.

ஆசை எழும்பும் ஒவ்வொரு முறையும் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். மணி என்ன, எங்கே நிற்கிறீர்கள், கையில் எவ்வளவு காசு, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், கூட யார். "சனி, 6.40, பஸ் ஸ்டாப், 900 ரூபாய், மதியம் சாப்பிட்டது, வேலையாள் தம்பி" என்று இவ்வளவு போதும். மனவேதனை எல்லாம் எழுத வேண்டாம், அதை ஜெபத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வாரம் எழுதிப் பார்த்தால் எங்கே பார்த்தாலும் சோதனை என்று நினைத்தது உண்மையில் இரண்டு மூன்று இடத்திலும் இரண்டு மூன்று நேரத்திலும் வருவது தெரியும். பெரும்பாலான வரிகளில் பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் ஒன்று இருக்கும். மத்தேயு 4-லும் சோதனைக்காரன் வந்தது பசி உண்டான பிறகுதான். ஆகவே மாலை ஐந்து மணிக்கு வயிற்றை நிரப்புங்கள். இட்லியோ, சுண்டலோ, பீச் ரோடு பக்கம் வேலை என்றால் ஒரு தட்டு அத்தோவோ (பர்மா நூடுல்ஸ்), ஏதாவது ஒன்று. இதற்கு ஆகும் ஐம்பது அறுபது ரூபாயை வீண்செலவாக நினைக்காதீர்கள்.

நோட்டை வீட்டில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டுக்காரம்மா அதைப் படித்துவிட்டால் அன்றிரவு கோபம் என்ற வரி தானாக ஏறிவிடும்.

2. தினமும் குடிப்பவர் என்றால்: உபவாசத்துக்கு முன் ஆஸ்பத்திரி

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பண்டிகைக்கு மட்டும் குடிப்பவருக்கு இது தேவையில்லை. ஆனால் தினமும் குடித்து, காலையில் கை நடுங்கி, ஒரு வாய் போட்டால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கு ஆபத்து. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் தெரியாமல் பிதற்றுவது, இல்லாத உருவங்களைப் பார்ப்பது எல்லாம் வரலாம். இதைப் பார்த்துப் பிசாசு பிடித்துவிட்டது என்று கட்டி வைத்து ஜெபிக்கிற இடங்களும் இருக்கின்றன. அது பிசாசு இல்லை. மூளை சாராயத்துக்குப் பழகி, திடீரென்று அது கிடைக்காமல் தவிக்கிறது. அந்த நேரத்தில் வேண்டியது 108 ஆம்புலன்ஸ். ஜெபத்தை ஆம்புலன்ஸுக்குள் உட்கார்ந்து பண்ணலாம்.

இதோடு மூன்று நாள் உபவாசமும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். நாள்பட்டுக் குடிப்பவர் உடம்பில் வைட்டமின் பி1 ஏற்கெனவே குறைந்திருக்கும். பட்டினி அதை இன்னும் குறைக்கும். உபவாசம் நல்லதுதான், ஆனால் உடம்பு தேறிய பிறகு.

எங்கே போவது? நமக்குப் பக்கம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி. அங்கே மனநலப் பிரிவின் புறநோயாளிகள் பகுதி எது என்று கேளுங்கள். தொடர்ந்து தங்கிப் பார்க்க வேண்டும் என்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் போதை மீட்புச் சிகிச்சை உண்டு. "கீழ்ப்பாக்கமா?" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இரண்டுமே அரசு ஆஸ்பத்திரி, சிகிச்சைக்குக் காசு கிடையாது. காலையிலேயே ஓபி சீட்டு வாங்கிவிடுங்கள், பதினோரு மணிக்கு மேல் போய் நின்றால் அலைச்சல்தான். ஆதார், பழைய மருந்துச் சீட்டுகள், கூட ஒரு ஆள் இருந்தால் போதும். விஷம் இறக்க, அதாவது நடுக்கம் வராமல் மருந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைக்க, சாதாரணமாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். போவதற்கு முன் பேசிப் பார்க்க வேண்டும் என்றால் போதை மீட்புக்கான 14446, மனநல ஆலோசனைக்கான 14416 இரண்டும் இலவச எண்கள்.

இந்தப் படியில் ஆட்கள் ஏமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யலாம்" என்று சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ். சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்லி ஒரு பொடியோ மாத்திரையோ தருவார்கள். டைசல்ஃபிரம் என்று ஒரு மருந்து இருப்பது உண்மை. டாக்டர் எழுதிக்கொடுத்து, குடிப்பவரே தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டியது அது. தெரியாமல் சாப்பிட்டவர் அதற்கு மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் அதன் வேலை இரண்டு வாரம் வரை உடம்பில் இருக்கும்.

இன்னொன்று, மாதம் பத்தாயிரம் இருபதாயிரம் என்று வாங்கிக்கொண்டு ஆளைப் பூட்டி வைக்கும் தனியார் மறுவாழ்வு இல்லங்கள். பெயர்ப்பலகையில் சிலுவை போட்டிருப்பதாலேயே நம்பிவிடாதீர்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்றிதழைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

3. காசு கைக்கு வரும் பாதையை மாற்றுங்கள்

டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. உங்கள் கூலி மாலை ஆறு மணிக்குக் கைக்கு வருகிறது. நடுவில் நான்கு மணி நேரம் நீங்களும் காசும் தனியாக இருக்கிறீர்கள். மனதைத் திடப்படுத்துவதற்கு முன் இந்த நான்கு மணி நேரத்தைச் சரிசெய்யுங்கள்.

கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். மேஸ்திரி மறுத்தால் சனிக்கிழமை மாலைக்குப் பதில் ஞாயிறு காலையோ திங்களோ தரச் சொல்லுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஆள் இருந்தால் ஏடிஎம் கார்டு அவர்களிடம் போகட்டும். போனில் இருக்கும் பணம் அனுப்பும் ஆப்பிலோ வங்கி ஆப்பிலோ தினசரி வரம்பைக் குறைக்க முடிந்தால் 200 ரூபாய்க்குக் குறைத்துவிடுங்கள், இப்போது கடையிலேயே ஸ்கேன் பண்ணி வாங்க முடிகிறது. பஸ், டீ, மாலைச் சாப்பாட்டுக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் பையில் இருக்கட்டும்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். 2024 பிப்ரவரி விலை உயர்வுக்குப் பிறகு சாதாரண ரகக் குவாட்டரே 140 ரூபாய். தினம் ஒன்று என்றால் மாதம் 4,200. சைடு டிஷ், ஓசிக்கு வாங்கிக் கொடுத்தது, ஆட்டோ எல்லாம் இதில் இல்லை. மிச்சமாகும் இந்தக் காசுக்கு முதல் மாதமே ஒரு வேலை வைத்துவிடுங்கள். நகைக்கடன் வட்டியோ பிள்ளையின் ஃபீஸோ, எதற்காவது போய்ச் சேரட்டும். சும்மா கிடக்கும் பணம் சனிக்கிழமை வரை தாங்காது.

காசிமேட்டு ஆட்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போக முடியாது, பகலெல்லாம் வலை பின்னிக்கொண்டு கூட்டமாக உட்கார்ந்திருப்பீர்கள். வருஷத்தில் கஷ்டமான நாட்கள் இவைதான். குடியை விட முயற்சிப்பவர் ஏப்ரலில் ஆரம்பிக்காமல் பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிட்டால் தடைக்காலம் வரும்போது கொஞ்சம் கால் ஊன்றியிருக்கும்.

4. நடக்கும் வழியையும் மாற்றுங்கள்

போத்திபாரின் மனைவி பிடித்து இழுத்தபோது யோசேப்பு நின்று வசனம் பேசிக்கொண்டிருக்கவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். நாமும் தெரிந்தே கடை வாசல் வழியாகப் போய், "பார், எனக்கு இப்போ ஆசையே இல்லை" என்று பரீட்சை வைத்துக்கொள்ள வேண்டாம்.

பாரிமுனையில் வேலை, தண்டையார்பேட்டையில் வீடு என்றால் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு மெட்ரோவில் ஏறுங்கள். உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் ஏறினால் பூமிக்கு அடியிலேயே வீட்டுப் பக்கம் வந்து சேரலாம், வழியில் ஒரு கடையும் கண்ணில் படாது. பஸ்ஸைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆகும், கொடுக்கலாம்.

5. ஒரே ஒரு ஆளிடம் சொல்லுங்கள்

"உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு 5:16 சொல்கிறது. அதற்காக மைக்கைப் பிடித்து முழுச் சபைக்கும் சாட்சி சொல்ல வேண்டும் என்று அர்த்தமில்லை. புதிதாக விட்டவரைப் பார்த்தால் சில சபைகளில் அடுத்த ஞாயிறே சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். மறுத்துவிடுங்கள். ஊரெல்லாம் கைதட்டிய பிறகு ஒரு நாள் சறுக்கினால் அதை வெளியே சொல்லவும் முடியாது, அந்தச் சபைக்குத் திரும்பிப் போகவும் கால் வராது. "ஒரு வருஷம் போகட்டும் பாஸ்டர்" என்று சொல்லிப் பாருங்கள், நல்ல பாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு போன் எடுப்பவரா, உங்கள் தெருவிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருப்பவரா, வாய் காப்பவரா. பைபிளில் எவ்வளவு படித்தவர் என்பது அப்புறம்தான். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் இருப்பது நல்லது. கத்தோலிக்கர்களுக்கு இந்த ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது வெளியே போகாது. ராயபுரம் புனித பேதுரு ஆலயம், பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலம் மாதிரி இடங்களில் பூசைக்கு முன்னால் எப்போது ஃபாதர் உட்காருவார் என்று ஆலய அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

சபையில் அப்படி ஒரு ஆள் கிடைக்கவில்லையா? ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் சென்னையில் தமிழிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை, ஆதார் வேண்டாம், முழுப் பெயர்கூடச் சொல்ல வேண்டாம். கடைசியில் சுற்றிவரும் பையில் விருப்பமிருந்தால் ஏதாவது போடலாம். குடிப்பவரின் குடும்பத்துக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. "அது உலகத்தார் கூட்டம்" என்று சிலர் தடுப்பார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கத்துப் பெஞ்சில் உட்காருகிறவர்கள்தான்.

6. வசனம்: குறைவாக, ஆனால் வாயில்

ஐம்பது வசனம் நோட்டில் எழுதி வைப்பதைவிட இரண்டு வசனம் மனப்பாடமாக இருப்பது மேல். 1 கொரிந்தியர் 10:13 ஒன்று, சங்கீதம் 119:11 ஒன்று. சத்தமாகச் சொல்லுங்கள். ஆசை உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்தான். வசனம் சொல்லி, மோர் குடித்து, உங்கள் ஆளுக்குப் போன் போட்டு, நாலு தெரு நடந்தால் அது தணிந்துவிடும்.

7. சாவு வீடு, கல்யாணம், பண்டிகை

நம் ஏரியாவில் மேளமும் கானாவும் சரக்கும் இல்லாத சாவு குறைவு. போகாமலும் இருக்க முடியாது, போகாவிட்டால் அது ஆயுசுக்கும் பேச்சாகிவிடும். ஆகவே நேரம் பார்த்துப் போங்கள். காலையில் பத்து மணிக்கு முன்னால் போய் மாலை போட்டு, குடும்பத்தாரிடம் துக்கம் விசாரித்து, பெண்களும் பெரியவர்களும் இருக்கும் பக்கம் உட்காருங்கள். பகல் 12-க்குக் கடை திறந்ததும் வாசல் பக்கம் சூழல் மாறும். அதற்குள் கிளம்பிவிட்டு, எடுக்கிற நேரத்துக்கு நேராகக் கல்லறைக்கோ சுடுகாட்டுக்கோ வந்துவிடுங்கள். செலவுக் கணக்கு பார்க்கிறேன், சாமியானாக்காரரைப் பார்க்கிறேன் என்று ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாலும் நல்லது, வேலையாக ஓடுகிறவன் கையில் யாரும் கிளாஸ் கொடுப்பதில்லை.

"மச்சி, ஒரே ஒரு கட்டிங். அண்ணன் ஆத்மா சாந்தியடைய" என்று ஒருத்தன் வருவான். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் தொலைந்தீர்கள். இரட்சிப்பைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினால் அவன் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவான். "வேணாம் மச்சி, விட்டுட்டேன். நீ சாப்பிட்டியா?" என்று பேச்சை அவன் பக்கம் திருப்பிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொன்னால் சீக்கிரம் விடுவார்கள்தான், ஆனால் மாத்திரை சாப்பிடாதவர் சொன்னால் ஒரு பாவத்துக்குத் தப்பி இன்னொன்றில் போய் நிற்பார்.

லெந்து நாட்கள், தவக்காலம், ஆகஸ்டில் வேளாங்கண்ணிக்கு மாலை போட்டு நடக்கும் நாட்கள் எல்லாம் நிறுத்துவதற்கு நல்ல வாய்ப்பு. ஆனால் எத்தனை பேர் ஈஸ்டர் ராத்திரியே, செப்டம்பர் 8 முடிந்து மாலை கழற்றிய அன்றைக்கே பழையபடி ஆகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடைசி நாளுக்கும் அடுத்த ஒரு வாரத்துக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள். ஈஸ்டர் அன்று மாலை எங்கே இருப்பீர்கள், யாரோடு சாப்பிடுவீர்கள் என்று குருத்தோலை ஞாயிறன்றே முடிவாகியிருக்க வேண்டும். கடை மூடும் நாட்களிலும் இதே கதைதான். காந்தி ஜெயந்தி நிம்மதியாகப் போகும், அக்டோபர் 1 சாயங்காலம்தான் கூட்டம் அலைமோதும். டிசம்பர் 31 ராத்திரியைப் பற்றிக் கவலை வேண்டாம், எல்லாச் சபையிலும் ஆராதனை இருக்கிறது. ஒன்பது மணிக்கே போய் நாற்காலி போடும் வேலையில் சேர்ந்துகொள்ளுங்கள்.

8. போன்

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. அதனால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், டெலிகிராமில் லிங்க் அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெரியாத குழுக்களிலிருந்து வெளியே வாருங்கள். "போனஸ் 500" என்று வரும் மெசேஜைத் திறக்காமலே அழியுங்கள். விட்ட காசைப் பிடித்துவிட்டு நிறுத்தலாம் என்ற எண்ணம் வந்தால் நோட்டை எடுத்து அந்த நிமிஷத்து மணியை எழுதுங்கள். விட்ட காசு விட்டதுதான்.

ஆபாச வீடியோ விஷயத்தில் ஒரே ஒரு ஏற்பாடு மற்ற எல்லாவற்றையும்விட உதவும். ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் படுக்கையில் இருக்கக் கூடாது. சமையலறையில் சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்கு 150, 200 ரூபாய்க்கு ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே அறை வீட்டில் இது கஷ்டம் என்பது தெரியும். அப்படியானால் வயரை நீட்டி வாசற்படி பக்கம் வையுங்கள்.

9. சறுக்கிவிட்டால்

நீதிமொழிகள் 24:16 நீதிமான் ஏழுதரம் விழுந்தாலும் எழுந்திருப்பான் என்கிறது. நடைமுறையில் கவனிக்க வேண்டியது நேரம். சறுக்கிய 24 மணி நேரத்துக்குள் ஐந்தாம் படியில் பார்த்த அந்த ஆளுக்குச் சொல்லிவிடுங்கள். "போனதுதான் போச்சு, இந்த வாரம் முழுக்கப் போகட்டும், திங்கட்கிழமையிலிருந்து புதுசா ஆரம்பிக்கலாம்" என்ற யோசனை கட்டாயம் வரும். ஒரு ராத்திரியை ஒரு மாதமாக்குவது அதுதான். மறுபடி தினமும் குடிக்கும் நிலைக்குப் போயிருந்தால் மறுபடி இரண்டாம் படி. தானாக நிறுத்தப் பார்க்காதீர்கள்.

விடுதலைக்கென்று தனி ஜெபம், தனி எண்ணெய், தனிக் காணிக்கை என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்கள் மோப்பம் பிடித்து வருவதும் இந்த நேரத்தில்தான். ஜெபத்துக்கு ரசீது போடுகிற இடத்துக்குப் போகாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போங்கள், பின் பெஞ்சில் உட்கார்ந்தாலும் சரி. திருவிருந்து ஞாயிறு என்றால் இரண்டு விஷயம் சிஎஸ்ஐ ஐயரிடமோ (ஆயர்) பாஸ்டரிடமோ முன்கூட்டியே கேட்க வேண்டும். இந்த வாரம் எடுக்கலாமா என்பது ஒன்று. பாத்திரத்தில் இருப்பது ஒயினா, வெறும் திராட்சைச் சாறா என்பது இன்னொன்று. சபைக்குச் சபை வழக்கம் மாறும். ஒயின் என்றால் அப்பம் மட்டும் வாங்கிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். டைசல்ஃபிரம் சாப்பிடுபவர் கட்டாயம் கேட்க வேண்டும், அந்த ஒரு வாய்கூட ஒத்துக்கொள்ளாது. சனிக்கிழமை மாலைக்குள் கேட்டுவிடுங்கள். ஞாயிறு காலை ஆராதனைக்கு முன்னால் அவர்களுக்கு உங்களிடம் பேச நேரம் இருக்காது.